ஊட்டியில் ஒரு பிக்சர் போஸ்ட்கார்டு கிடைக்குமா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, வெலிங்டன் பஜாரில் காய் வாங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கடையில் ஒரு பெண்மணி கையால் செவ்வகம் வரைந்து காட்டி எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்டாஃப் காலேஜுக்குப் படிக்க வந்திருக்கும் வெளிநாட்டு அதிகாரி ஒருவரின் மனைவி. ஆப்பிரிக்க நாட்டுக்காரர். அவருடைய ஆங்கிலம் கடைக்காரருக்குப் புரியவில்லை, கடைக்காரருடைய ஆங்கிலம் அவருக்குப் புரியவில்லை. கடைசியில் அலுத்துப்போய் அவர் சொன்ன ஒரு சொல் என் காதில் விழுந்தது: "கார்த் போஸ்தால்."

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவனுக்கு அது போதாதா? "மதாம், நான் உதவலாமா?" என்று பிரெஞ்சில் கேட்டேன். அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஊரில் இருக்கும் தன் தாயாருக்கு இந்த ஊர்ப் படம் போட்ட கார்டு ஒன்று அனுப்ப வேண்டுமாம். தாயார் செல்போனைத் தொடமாட்டார். மகள் எங்கே போனாலும் அங்கிருந்து ஒரு கார்டு வர வேண்டும், அதைச் சுவரில் ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். குன்னூரிலும் ஊட்டியிலும் தேடிவிட்டார், கிடைக்கவில்லை. "இதென்ன பிரமாதம், நான் வாங்கித் தருகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மூன்று நாள் அலைந்தேன். குன்னூரில் பெட்ஃபோர்டு, மவுண்ட் ரோடு, சிம்ஸ் பார்க் வாசல். ஊட்டியில் சேரிங் கிராஸ், கமர்ஷியல் ரோடு, பொட்டானிக்கல் கார்டன் வாசல். பிரிட்ஜில் ஒட்டும் மேக்னட் இருக்கிறது. சாவிக்கொத்து, யூகலிப்டஸ் தைலம், சாக்லேட், தொப்பி எல்லாம் இருக்கிறது. கார்டு என்றால், "சார், அதெல்லாம் இப்ப யாரு வாங்கறாங்க? மேக்னட் பாருங்க, ரயில் போட்டது நல்லா ஓடுது" என்கிறார்கள். ஒரே ஒரு கடையில் முதலாளி உள்ளே போய்த் தேடி, தூசி தட்டி ஒரு கட்டு கொண்டுவந்தார். பத்து கார்டு மடிப்பாக ஒட்டிய பழைய ஆல்பம். பச்சை நிறம் போய் ஊட்டியே நீலமாகியிருந்தது. ஐந்தாவது படம் கொடைக்கானல்!

இதற்குப் போய் ஒரு பதிவா என்று என் வயதுக்காரர்களே கேட்பார்கள். ஆமாம், இதற்குத்தான் பதிவு. இன்றைக்குக் கொஞ்சம் கோபமாகவே எழுதப்போகிறேன். ஒரு ஊருக்கு உலகமெல்லாம் இருந்து ஜனங்கள் வருகிறார்கள். அந்த ஊரின் முகத்தை ஒரு அட்டையில் போட்டு, பின்னால் நாலு வரி எழுதி அனுப்ப வழியில்லை என்றால், தப்பு வருகிறவர்கள் மேல் இல்லை. நம் மேல்தான். நம் ஊரைப் பற்றி நாமே நாலு பேருக்குச் சொல்வதை நாம் நிறுத்திவிட்டோம்.

என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் புதுச்சேரிப் பையன். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆசிரியர் ஒருவர், வகுப்பில் ஆளுக்கொரு வெளிநாட்டுப் பையனின் விலாசம் கொடுத்து, மாதம் ஒரு கார்டு எழுதச் சொல்வார். இலக்கணப் பயிற்சி என்பது அவர் கணக்கு. எங்களுக்கு அது ஒரு திருவிழா. எனக்குக் கிடைத்தவன் பிரான்ஸில் கடலோர ஊர்க்காரன். அவன் மீன்பிடிப் படகு படம் அனுப்புவான், நான் எங்கள் கடற்கரைக் கலங்கரை விளக்கம் அனுப்புவேன்.

அப்போது ஆசிரியர் சொன்ன ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டது. உலகத் தபாலுக்கு ஒரு சங்கம் உண்டு. 1874-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி அமைத்தது. அதன் ஆட்சி மொழி பிரெஞ்சு. அதனால்தான் இன்றைக்கும் விமானத் தபாலில் நீலச் சீட்டில் 'பார் ஆவியோன்' என்று இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சுக் காலனிகளும் 1876-ல் ஒரே சமயத்தில் அதில் சேர்ந்தன. அதாவது, புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே சுங்கச்சாவடி இருந்த காலத்திலேயே இரண்டு ஊர்த் தபாலும் ஒரே குடும்பம்.

அந்தச் சங்கத்தின் ஆரம்பகால விதி ஒன்று என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு மிகவும் பிடித்தது. தபால் அனுப்புகிற நாடு ஸ்டாம்பு காசை முழுதாக வைத்துக்கொள்ளும். போய்ச் சேருகிற நாடு காசு வாங்காமல் வீடு வரை கொண்டுபோய்க் கொடுக்கும். எப்படிக் கட்டுப்படியாகும்? ஒரு கடிதம் போனால் ஒரு பதில் வரும், கணக்கு நேராகிவிடும் என்ற நம்பிக்கைதான். கிட்டத்தட்ட நூறு வருஷம், 1969-ல் டோக்கியோவில் கூடி விதியை மாற்றும் வரை, உலகத் தபால் அந்த நம்பிக்கையில்தான் ஓடியது. எந்த சர்க்கார் ஃபைலிலும் இதைவிட அழகான விதியை நான் பார்த்ததில்லை.

எழுபதுகளில் உத்தியோகம் என்னை இந்த மலைக்குக் கொண்டுவந்தது. குளிர், மூடுபனி, தெரியாத ஊர். சாயங்காலங்களில் செய்வதற்கு ஒன்றுமில்லை. பழைய கார்டு பழக்கத்தைத் தொடர்ந்தேன். பிரான்ஸ், பெல்ஜியம், கனடா, மொரிஷியஸ், பிறகு ஜப்பான், பின்லாந்து என்று ஆட்கள் சேர்ந்தார்கள். இன்று என் அலமாரியில் பதினேழு பிஸ்கட் டப்பா நிறையக் கார்டுகள் இருக்கின்றன. வீட்டுக்காரி அவற்றுக்கு வைத்த பெயர் 'அண்ணனோட சொத்து'. பங்கு கேட்க யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியம் அவளுக்கு.

நானும் ரொம்ப நாள் எல்லோரையும் போலத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். பொட்டானிக்கல் கார்டன், ஊட்டி ஏரி, லாஸ் நீர்வீழ்ச்சி, தேயிலைத் தோட்டம், மலை ரயில். பிரிட்டனி பக்கத்தில் ஒரு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை எனக்குப் பதினொரு வருஷம் எழுதினார். அவர் ஒரு கார்டில் கேட்டார்: "உங்கள் ஊர் மிக அழகு. ஆனால் அங்கே மனிதர்கள் யாரும் இல்லையா?"

டப்பாவைத் திறந்து, கையிலிருந்த ஊட்டிக் கார்டுகளைப் பரப்பிப் பார்த்தேன். நிஜம்தான். பூ இருக்கிறது, புல் இருக்கிறது, மனிதன் இல்லை.

இதற்கு நேர்மாறு வெள்ளைக்காரன் காலத்துக் கார்டுகள். ஊட்டியில் ஸ்டூடியோ வைத்திருந்த பென் என்பவர் இந்த மலையை ஏராளமாகப் படம் எடுத்தார். மதராஸில் வீலே அண்ட் கிளைன், ஹிக்கின்பாதம்ஸ் போன்றவர்கள் கார்டு வெளியிட்டார்கள். 2018-ல் லண்டன் பல்கலைக்கழகத்தில், மதராஸ் முதல் பெங்களூர் வரையிலான பழைய கார்டுகளை வைத்து ஒரு கண்காட்சியே நடத்தினார்கள். அந்தக் காலத்துக் கார்டுகளில் மனிதர்கள் உண்டு. ஆனால் எப்படி? 'தோடர் கூட்டம்', 'தோடர் குடிசை', 'மலைவாசிகள்'. நான் பார்த்த கார்டு எதிலும் ஒருவர் பெயர்கூட இல்லை. ஆட்டையும் மாட்டையும் வகை பிரிப்பது போல் வகை பிரித்து, லண்டனில் இருக்கும் அத்தைக்கு அனுப்பினார்கள். இன்று அந்தக் கார்டுகளை ஏலத்தில் நல்ல விலைக்கு வாங்குகிறார்கள். "சார், உங்க டப்பாவுல இருந்தா சொல்லுங்க" என்று என்னிடமே இரண்டு பேர் கேட்டாகிவிட்டது.

அன்று நம்மைப் படம் எடுத்தவன் நம் பெயரைக் கேட்கவில்லை. இன்று நம் ஊரைப் படம் எடுக்கிற நாமோ நம்மையே விட்டுவிட்டோம். கடைசியில் கார்டையே விட்டுவிட்டோம். இதுதான் என் கோபம்.

அந்த ஆசிரியைக்குப் பதிலாகப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். இலை எடுக்கும் பெண்கள் மழைக்கு இடுப்பில் என்ன கட்டிக்கொள்கிறார்கள், எத்தையம்மன் பண்டிகைக்கு படுகர் ஊர்களில் எல்லோரும் வெள்ளை உடுத்தி எப்படி நடந்து வருகிறார்கள், அருவங்காடு தொழிற்சாலைச் சங்கு ஊதினால் எத்தனை வீட்டில் சாப்பாட்டுக் கேரியர் கட்டுவார்கள் என்று. வெலிங்டன் என்பது ஒரு ஆங்கிலேயப் பிரபுவின் பெயர், அதற்கு முன் இது பக்கத்துப் படுகர் கிராமமான ஜெகதளாவின் பெயரால் அறியப்பட்டது என்று எழுதினேன். "அந்தப் பெயரே நன்றாக இருக்கிறதே" என்று பதில் வந்தது.

2021 டிசம்பர் 8-ல் காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் ஸ்டாஃப் காலேஜுக்கு வந்துகொண்டிருந்த ஹெலிகாப்டர். அன்று உலகம் முழுவதும் வெலிங்டன் என்ற பெயரைக் கேட்டது. டி.வி.யில் தெரிந்தது புகையும் மரமும். அடுத்த வாரம் ஏழு நாட்டு நண்பர்களுக்கு நான் கார்டு எழுதினேன். வீட்டிலிருந்த கம்பளிகளை எடுத்துக்கொண்டு அந்த நெருப்பை நோக்கி ஓடிய நஞ்சப்பசத்திரத்து ஜனங்களைப் பற்றி எழுதினேன். இது டி.வி.யில் ஒரு நிமிஷம் வந்து போயிருக்கலாம். கார்டில் வந்தால் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் வருஷக்கணக்கில் இருக்கும்.

இனி என்னிடம் வழக்கமாகச் சொல்லும் ஆட்சேபங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, "யார் வாங்குகிறார்கள்?" கடையில் இல்லாத பொருளை யார் வாங்குவார்கள்? ஹைகோர்ட் உத்தரவால் இ-பாஸ் வந்தபின், 2025 சீசனில் நீலகிரிக்குள் வார நாளில் 6000 வண்டி, சனி ஞாயிறில் 8000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். 6000 வண்டியில், நூற்றுக்கு ஒரு வண்டியில் ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு கார்டு போட்டால்கூட நாளைக்கு 60 கார்டு. நம் மலையிலிருந்து 60 வீட்டுக்கு 60 சேதி. இதற்கு எந்தத் திட்டக்குழுவும் வேண்டாம், ஒரு கம்பி ஸ்டாண்டு போதும்.

இரண்டாவது, "வாட்ஸ்அப் சும்மா கிடைக்கும்போது எதற்கு மாமா செலவு?" இது என் மருமகப் பிள்ளை. நானும் வாட்ஸ்அப் வைத்திருக்கிறேன். காலை வணக்கப் பூங்கொத்து எனக்கும் தினம் பதினாறு வருகிறது, பதினாறையும் பார்க்காமல் அழிக்கிறேன். வெளிநாட்டுக்கு ஒரு கார்டு போட ஆகும் செலவு, குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீயும் இரண்டு வர்க்கியும் சாப்பிடுகிற காசுதான். 1869-ல் ஆஸ்திரியாவில் முதல் போஸ்ட்கார்டு வரக் காரணமாயிருந்த எமானுவேல் ஹெர்மான் என்ற பொருளாதாரப் பேராசிரியரும் சிக்கனம் பேசியவர்தான். நாலு வரிச் சேதிக்கு உறை, மடிப்பு, முகமன் எல்லாம் வீண் என்றார். பத்தே வருஷத்தில், 1879 ஜூலை 1-ல், அது காலணாக் கார்டாக இந்தியாவுக்கு வந்தது. நம் தாத்தாமார்கள் பிறப்பையும் இறப்பையும் அந்தக் காலணாவில்தான் சொன்னார்கள். கார்டில் இடம் குறைவு என்பதால் என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு நிமிஷ யோசனைதான் எதிராளிக்கு நாம் தருகிற மரியாதை.

மூன்றாவது, "தபாலே செத்துப்போச்சு." இதில் பாதி உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். டென்மார்க்கில் 1624 முதல் நடந்த தபால் சேவை, 2025 டிசம்பர் 30-ல் கடைசிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டது. தெருவிலிருந்த சிவப்புப் பெட்டிகளைக் கழற்றி விற்றார்கள். இப்போது அங்கே ஒரு தனியார் கம்பெனி கடிதம் கொடுக்கிறது. நம் நாட்டிலும் 2025-ல் ரெஜிஸ்டர் தபால் என்ற பெயரே போய் ஸ்பீடு போஸ்ட்டோடு கலந்துவிட்டது. ஆனால் ஒன்று சொல்கிறேன். டென்மார்க்கில் பெட்டியைக் கழற்றியது ஜனங்கள் கடிதம் போடுவதை நிறுத்திய பிறகு. நாம் நிறுத்தாதவரை நம் பெட்டி இருக்கும். பெட்டியைக் காப்பாற்று என்று மனு எழுதுவதைவிட, பெட்டிக்குள் ஒரு கார்டு போடுவது சுலபம்.

கவுண்டரில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த மலையில் ஒரு தபாலாபீஸ், எது என்று சொல்லமாட்டேன். கார்டை எடை போட்டுவிட்டு, "இது லெட்டர் ரேட் சார்" என்றார் ஒரு தம்பி. கார்டுக்குத் தனிக் கட்டணம் உண்டு என்றேன். "நான் பார்த்ததே இல்லையே" என்றார். கட்டணப் பட்டியலைத் திறந்து காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் முப்பத்தைந்து வருஷம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். வராத இனத்துக்கு விதி யாருக்கு ஞாபகம் இருக்கும்? அடுத்த வாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். இப்போது என்னைப் பார்த்ததும் தம்பியே சரியான ஸ்டாம்பை எடுத்து வைக்கிறார். முத்திரையைப் படத்தின் மேல் குத்தாமல் ஸ்டாம்பின் மேல் குத்துகிறார். விதியை ஞாபகப்படுத்த இதுவும் ஒரு வழி.

நான்காவதுதான் கொஞ்சம் கனமான கேள்வி. "முன்பின் தெரியாத அந்நியனுக்கு எதற்கு எழுத வேண்டும்? விலாசத்தை வேறு கொடுக்க வேண்டுமே?" விலாசம் கொடுக்கப் பயம் இருந்தால் தப்பில்லை. பெண்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பெரியவர்கள் பெயருக்கு வரவழைக்கலாம், போஸ்ட் பாக்ஸ் எடுக்கலாம். கார்டு திறந்த சேதி. போஸ்ட்மேன் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை படிப்பார்கள். படிக்கக்கூடாததை அதில் எழுதாமல் இருந்தால் போயிற்று.

ஆனால் அந்நியனுக்கு ஏன் என்ற கேள்விக்கு, போர்ச்சுகல்காரப் பையன் ஒருவன் அழகாகப் பதில் சொல்லிவிட்டான். பாவுலோ மகல்யாய்ஸ் என்ற மாணவன். 2005 ஜூலை 14-ல் 'போஸ்ட்கிராசிங்' என்று ஒன்றை ஆரம்பித்தான். ஜூலை 14 பிரெஞ்சு தேசியத் திருநாள், புதுச்சேரிக்காரனுக்குத் தேதி மறக்குமா? ஏற்பாடு எளியது. யாரோ ஒருவரின் விலாசம் நமக்குக் கிடைக்கும். நாம் கார்டு அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்தது என்று அவர் பதிவு செய்ததும், நம் விலாசம் உலகத்தின் வேறொரு மூலையில் வேறு யாருக்கோ போகும். நாம் எழுதியவர் நமக்கு எழுதமாட்டார், எழுதாத ஒருவர் எழுதுவார். 2023-க்குள் இப்படி 7 கோடி கார்டுகள் போய்ச் சேர்ந்துவிட்டன. பெர்ன் நகரத்து விதியேதான் இது: ஒன்று போனால் ஒன்று வரும். சர்க்கார்கள் கைவிட்ட நம்பிக்கையை ஒரு மாணவன் எடுத்து நடத்துகிறான்.

சரி, என்ன செய்ய வேண்டும்? சுற்றுலாத் துறைக்குச் சொல்கிறேன்: சிம்ஸ் பார்க்கிலும் பொட்டானிக்கல் கார்டனிலும் டிக்கெட் கொடுக்கும் இடத்தில் பத்து வகைக் கார்டு வையுங்கள், பக்கத்தில் ஒரு பேனாவும் ஒரு தபால் பெட்டியும் வையுங்கள். ரயில்வேக்குச் சொல்கிறேன்: 1899-ல் குன்னூர் வரை வந்து, 1908-ல் ஊட்டியைத் தொட்ட, யுனெஸ்கோ பட்டியலில் உள்ள ரயிலை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். குன்னூர் ஸ்டேஷனில் எஞ்சின் மாற்றுகிற நேரத்தில் ஒரு கார்டு எழுதிவிடலாம். கடைக்காரர்களுக்குச் சொல்கிறேன்: மேக்னட் பக்கத்திலேயே வையுங்கள். கார்டுக்கு ஊறல் இல்லை, உடைசல் இல்லை.

அவர்கள் செய்வார்கள் என்று காத்திருக்கும் வயதா எனக்கு? மருமகப் பிள்ளையையே கேமராவோடு அழைத்துப் போனேன். எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள தோட்டத்தில் இருபத்தாறு வருஷமாக இலை எடுக்கும் ஒரு அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் கேட்டோம். "என் படத்தை எதுக்குங்க சாமி வெளிநாட்டுக்காரங்க பார்க்கணும்?" என்று சிரித்தார். அப்புறம் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். குன்னூரில் ஒரு பிரிண்டிங் கடையில் நூறு கார்டு அடித்தோம். ஒன்றுக்கு ஆன காசு ஒரு மேக்னட் விலையில் பாதிகூட இல்லை. பின்பக்கத்தில் அந்த அம்மாவின் முழுப்பெயர், ஊர் பெயர், தமிழிலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கிறது. இங்கே எழுத அவரிடம் நான் அனுமதி கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை. கார்டு கிடைப்பவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

முதல் கார்டு இலை எடுக்கும் அம்மாவுக்கு. இரண்டாவது ஸ்டாஃப் காலேஜ் மதாமுக்கு. அவர் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து தன் தாயாருக்கு எழுதினார். பெயரை எப்படி உச்சரிப்பது என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டு, அதையும் அடைப்புக்குறிக்குள் எழுதிக்கொண்டார். நானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன்.

மூன்று வாரம் ஆகிறது. போய்ச் சேர்ந்ததாக இன்னும் தகவல் இல்லை. அந்த ஊர்த் தபால் மெதுவாம். வரட்டும், காத்திருக்கிறேன். இன்னும் தொண்ணூற்றெட்டு கார்டு கையில் இருக்கிறது. வெலிங்டன், குன்னூர் பக்கத்து நண்பர்கள் யார் வந்தாலும் ஆளுக்கு இரண்டு தருகிறேன், காசு வேண்டாம். ஒரே நிபந்தனை: டப்பாவில் போட்டு வைக்கக்கூடாது, எழுதி அனுப்ப வேண்டும். டப்பாவில் வைக்க நான் ஒருவன் போதும்.